மம்சாபுரத்தாரை மேடைக்கு அழைக்க மாட்டேன்

மாலை மயங்கி, மலைக்காற்று மெல்ல இறங்கி வரும் இந்த மைதானத்தில் மாண்போடு வீற்றிருக்கும் விழாத் தலைவர் அவர்களே. காக்கிச் சட்டையிலும் கால்சட்டையிலும் ஒரே மிடுக்கோடு நின்று எங்கள் கழகத்தைக் கட்டிக் காத்த கேப்டன், ஓய்வுபெற்ற ஏட்டையா சிவனாண்டி அவர்களே. எங்கள் தலைகளை அளந்து அளந்தே கண்பார்வை மங்கிப்போன தையல்காரர் மதார் சாகிப் அவர்களே. வெற்றிலை மணக்க முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே. பொங்கல் வேலைக் களைப்பையும் பொருட்படுத்தாமல் வந்து குழுமியிருக்கும் தாய்மார்களே. மில் சங்கு ஊதியதும் முகம்கூடக் கழுவாமல் ஓடிவந்து, தலையில் பஞ்சோடு நிற்கும் தோழர்களே. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து எங்களுக்கென்று பால்கோவா வாங்கி வந்து, அதைத் தாங்களே தின்றுகொண்டிருக்கும் நண்பர்களே. உங்கள் எல்லோருக்கும் இந்தச் சாக்குக்கடை மைதீன் பிச்சையின் சலாமும் வணக்கமும்.

விழாக்குழு என்னை எதற்கு ஏற்றியிருக்கிறது தெரியுமா? இந்த ரக்பி கழகத்துக்காக அதிக சர்வதேச ஆட்டங்களில் களமிறங்கிய வீரர் யாரோ, அவர் பெயரை இந்த ஒலிபெருக்கியில் மும்முறை முழங்க வேண்டும். அவரை மேடைக்கு அழைக்க வேண்டும். நீங்கள் விண்ணதிரக் கைதட்ட வேண்டும். பெரியோர்களே, நான் அழைக்கப்போவதில்லை. அழைத்தால் அவர் வந்துவிடுவார் என்று அஞ்சுகிறேன்.

யாரது சிரிப்பது? சோழபுரத்து அண்ணாச்சியா? சிரியுங்கள் அண்ணாச்சி, தாராளமாகச் சிரியுங்கள். நான் பேசி முடிக்கும்போதும் அந்தச் சிரிப்பு மிச்சமிருந்தால் மேடையேறி வந்து சிரிக்கலாம்.

அதோ, தாய்மார்கள் வரிசையில் வெள்ளைப் புடவையில் அமர்ந்திருக்கிறாரே, மம்சாபுரத்து நாச்சியார் அம்மாள், அவருடைய கணவர்தான் அந்த வீரர். பட்டாளத்துக்காரர். எண்பத்தெட்டில் வடக்கே பனிமலையில் மறைந்துபோனவர். மறைந்த பிறகும் ஆடியவர். அந்த ஆட்டத்திலிருந்து அவரை விடுவித்து அனுப்ப இந்த அம்மாள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. இன்று ஆர்வக் கோளாறில் நாம் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, அவர் திரும்பி வந்து நின்றுவிட்டால் இந்தத் தாய்க்கு யார் பதில் சொல்வது? நீங்கள் சொல்வீர்களா? விழாக்குழு சொல்லுமா? ஆகவே நான் அவரை மம்சாபுரத்தார் என்றே சொல்வேன். பெயர் தெரிந்தவர்கள் தயவுசெய்து வாய்க்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள்.

எண்பத்து நான்காம் வருடம் நீண்ட லீவில் வந்தார் மம்சாபுரத்தார். ஆறடிக்கு மேல் உயரம். நம் ஊர் பஸ் ஸ்டாண்டில் அவர் இறங்கியபோது கையில் ஒரு பந்து. உருண்டையாக இல்லை, பூசணிக்காயை அமுக்கி வைத்தது மாதிரி இருந்தது. "என்னண்ணே, பந்து நசுங்கிப் போச்சே" என்று கேட்டவன் நான்தான். அன்று மாலையே என்னைக் கீழே தள்ளி, மேலே விழுந்து, விளையாட்டைக் கற்றுக்கொடுத்துவிட்டார். பஞ்சு மில்லுக்குப் பின்னால் இருந்த பொட்டல்தான் மைதானம். மில் தொழிலாளிகள், கமிஷன் கடைக்காரர்கள், போலீஸ்காரர்கள் என்று பதினைந்து பேர் சேர்ந்தோம். சேர்ந்தோம், சிராய்த்தோம், சிரித்தோம்.

இந்த விளையாட்டில் ஸ்கிரம் என்று ஒன்று உண்டு. இந்தப் பக்கம் எட்டுப் பேர், அந்தப் பக்கம் எட்டுப் பேர், குனிந்து, கைகோத்து, தலையோடு தலை மாட்டி, ஒருவரையொருவர் தள்ள வேண்டும். முன்வரிசையில் மூன்று பேர், அதில் ஓரத்து ஆள் நான். என் பின்னால் இரண்டாம் வரிசையில் மம்சாபுரத்தார். அவருடைய தோள் என் இடுப்புக்குக் கீழே வந்து முட்டும். தாய்மார்கள் மன்னிக்க வேண்டும், இதை வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. குனிந்தவனுக்குப் பின்னால் இருப்பவன் முகம் தெரியாது. தோள்தான் தெரியும். எத்தனையோ ஆட்டங்களில் என்னைத் தாங்கிய அந்தத் தோளை, இருட்டறையில் ஆயிரம் தோள்களுக்கு நடுவில் விட்டாலும் நான் கண்டுபிடித்துவிடுவேன்.

சர்வதேச ஆட்டம் எங்கிருந்து வந்தது என்று கேட்கிறார் அந்தத் தம்பி. நியாயமான கேள்வி. மதார் சாகிப்பின் மச்சான் தூத்துக்குடித் துறைமுகத்தில் கப்பல் ஏஜென்ட் ஆபீசில் வேலை பார்த்தார். சரக்குக் கப்பலில் வரும் வெள்ளைக்காரச் சிப்பந்திகளுக்கு, சரக்கு இறக்கி முடியும்வரை பொழுது போகாது. அவர்களை வேனில் ஏற்றி இங்கே அனுப்பிவைப்பார். இங்கிலாந்துக் கப்பல் வந்தால் எங்களுக்கு இங்கிலாந்தோடு ஆட்டம். நியூசிலாந்துக் கப்பல் வந்தால் நியூசிலாந்தோடு ஆட்டம். எதிரே நிற்பவன் அந்நிய நாட்டான் என்றால் அது சர்வதேச ஆட்டம்தானே? இதில் என்ன தப்பு? அந்தச் சமையல்காரனும் இன்ஜின் துடைப்பவனும் தங்கள் தேசத்தின் அணி என்று நாங்கள் பூரணமாக நம்பினோம். ஆட்டம் முடிந்ததும் பிரியாணி போட்டு, கொடியசைத்து அனுப்பிவைத்தோம்.

அந்நிய நாடுகளில் தேசத்துக்காக ஒருமுறை ஆடினால் ஒரு தொப்பி என்பது கணக்கு. பிரான்சு தேசத்து வீரர் ஒருவர் நூறு தொப்பிகளைத் தாண்டிவிட்டார், ஆஸ்திரேலியாவிலும் ஒருவர் நூறைத் தொட்டுவிட்டார் என்று பத்திரிகையில் பார்த்தேன். ஆனால் அங்கே தலைக்கு ஒரு தொப்பி கொடுத்துவிட்டு மற்றதை எண்ணிக்கையாகவே வைத்துக்கொள்வார்களாம். அது நமக்கு யார் சொன்னது? ஆட்டத்துக்கு ஒரு தொப்பி என்று நாங்கள் புரிந்துகொண்டோம். மதார் சாகிப் தைத்தார், தைத்தார், தைத்துக்கொண்டே இருந்தார். தொழுகைத் தொப்பி தைத்துப் பழகிய கையல்லவா, எல்லாம் அதே அச்சில் வந்தது. நீல வெல்வெட்டில், ஆளுக்கு ஓர் ஆணியில், கழகத்து அறைச் சுவரில் அடுக்கடுக்காகத் தொங்கின. யாருடைய ஆணி அதிகம் கனக்கிறது என்பதில் எங்களுக்குள் எப்பேர்ப்பட்ட போட்டி.

மம்சாபுரத்தாரின் ஆணி அப்போது கனக்கவில்லை. லீவு கிடைத்தால்தானே வருவார்?

எண்பத்தெட்டில் தந்தி வந்தது. பனிச்சரிவில் காவல்சாவடியோடு போய்விட்டார். உடல் கிடைக்கவில்லை. மம்சாபுரமே அழுதது. உடல் இல்லாமல் எப்படிக் காரியம் செய்வது என்று சொந்தபந்தங்கள் இரண்டாகப் பிரிந்து நின்றன. நாச்சியார் அம்மாள் தாலியைக் கழற்றவில்லை. "ஆளைக் காட்டுங்க, கழத்துதேன்" என்று ஒரே சொல்லாகச் சொல்லிவிட்டார்.

அந்தச் சித்திரையில் ஒரு இங்கிலாந்துக் கப்பல் வந்தது. ஆட்டத்துக்கு முன் பட்டாள வழக்கப்படி ஆஜர் கூப்பிடுவது எங்கள் கழகத்து நடைமுறை. மம்சாபுரத்தார் ஏற்படுத்தியதுதான். கேப்டன் பெயரைக் கூப்பிடுவார், ஆள் "வந்தாச்சு" என்று சொல்லிவிட்டுக் கோட்டைத் தாண்டி உள்ளே போக வேண்டும். அன்று சிவனாண்டி ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டு வந்தார். மம்சாபுரத்தாரின் முறை வந்தது. விட்டுவிட மனம் வருமா? அவர் கற்றுக்கொடுத்த ஆட்டத்தில் அவர் பெயரை விட்டுவிட யாருக்கு மனம் வரும்? கூப்பிட்டுவிட்டார். பதில் இல்லை. பிறகு அவர் இடத்தைக் காலியாகவே விட்டு, பதினான்கு பேராக இறங்கினோம். மரியாதை என்று நினைத்துத்தான் செய்தோம்.

முதல் ஸ்கிரம். குனிந்தேன். பின்னால் ஆள் இல்லை, வெள்ளைக்காரன் என்னைச் சப்பாத்தியாகத் தேய்க்கப்போகிறான் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

தோள் வந்து முட்டியது.

என் மார்க்கத்தில் பேய்க்கும் ஆவிக்கும் இடமில்லை பெரியோர்களே. ஐந்து வேளையும் தொழுகிறவன் நான். ஆனால் தோளுக்குத் தெரிந்ததை நான் எப்படி இல்லையென்பேன்? அதே தோள். அதே இடம். அதே மாதிரி முட்டுவதற்கு முன் ஒருமுறை லேசாக அசைத்துப் பார்க்கும் பழக்கம். ஒன்று மட்டும் புதிது. ஜில்லென்றிருந்தது. மண் கொதிக்கும் சித்திரை வெயிலில், ஐஸ் பெட்டிக்குள் முதுகைக் கொடுத்தது போல எலும்புவரை ஏறியது குளிர். பற்கள் தந்தியடித்தன. நாங்கள் முன்னே போனோம். வெள்ளைக்காரர்கள் பின்னே போனார்கள்.

ஆட்டம் முடிந்து திரும்பி நின்றேன். "ஏலே மைதீனு, ஒன் டவுசர்ல என்னலே ஈரம்?" என்றார் சிவனாண்டி. ஒரு தோள் அகலத்துக்கு நனைந்திருந்தது. தொட்டுப் பார்த்தார். சட்டென்று கையை எடுத்துக்கொண்டார்.

பிரியாணிப் பந்தியில் கப்பல்காரர்களின் தலைவன் சிவனாண்டியிடம் கேட்டான். உங்கள் அணியில் ஒரு நெட்டை ஆள் இருந்தாரே, யாரோடும் பேசாமல், அவர் சாப்பிடமாட்டாரா? அவனுக்கு மம்சாபுரத்தாரைத் தெரியாது. தந்தியைத் தெரியாது. கோட்டோரம் நின்றிருந்த மதார் சாகிப்பிடம் நான் ஓடினேன். "பாய், எத்தனை பேரைப் பார்த்திய?" என்று கேட்டேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மறுநாள் காலையில் கழகத்து அறையைத் திறந்தால் மம்சாபுரத்தாரின் ஆணியில் புதுத் தொப்பி ஒன்று தொங்குகிறது. "வந்தவருக்குத் தொப்பி குடுக்கணும்லா" என்றார் மதார் சாகிப்.

அன்று தொடங்கியது. உயிரோடு இருந்தவரை லீவுக்குக் காத்திருந்தவர், இறந்த பிறகு ஒரு ஆட்டத்தையும் தவறவிடவில்லை. எங்களில் ஒருவனுக்குக் கல்யாணம், ஒருவனுக்குக் காய்ச்சல், ஒருவனுக்கு நைட் ஷிஃப்ட். அவருக்கு எதுவும் இல்லை. கூப்பிட்டால் வந்தார். மழையா, வந்தார். வெயிலா, வந்தார். தீபாவளிக்கு மறுநாளா, அன்றும் வந்தார். ஒவ்வொரு முறையும் என் முதுகு விறைத்தது. ஒவ்வொரு முறையும் நாங்கள் ஜெயித்தோம். ஆணி கனத்தது. ஒருநாள் நான் அந்தத் தொப்பிகளில் ஒன்றை எடுத்து உள்ளே பார்த்தேன். யார் தலையும் படாத புதுத் தொப்பி. உள்விளிம்பில் நல்லெண்ணெய்ப் பிசுக்கு. மம்சாபுரத்தார் தலைக்கு நல்லெண்ணெய்தான் வைப்பார். எடுத்த இடத்திலேயே மாட்டிவிட்டு வந்துவிட்டேன்.

பயமில்லையா என்கிறீர்கள். பயம்தான். ஆனால் பெருமை பயத்தைவிடப் பெரியதாக இருந்தது. பிரான்சுக்காரர்களும் ஆஸ்திரேலியாக்காரர்களும் உயிரோடு இருந்து ஆடியவர்கள். செத்தும் ஆடியவர் எங்கள் ஊர்க்காரர் என்று இந்த மார்பு விம்மியது. அந்த மனிதர் எங்கிருந்து வருகிறார், எங்கே திரும்பிப் போகிறார் என்று எங்களில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

கேட்டவர் நாச்சியார் அம்மாள்.

சந்தையில் யாரோ சொல்லி அவர் காதுக்கு எட்டியிருக்கிறது. ஒருநாள் குடையும் தூக்குவாளியுமாக மைதானத்துக்கு வந்து நின்றார். "அண்ணே, அவிய இங்கன வாராவளாமே, நெசமா?" என்று கேட்டார். ஆமென்று தலையாட்டினேன். அன்றிலிருந்து எல்லா ஆட்டத்துக்கும் வந்தார். சோறு கொண்டுவந்தார். கோட்டோரம் உட்கார்ந்து பார்த்தார். ஒருமுறைகூடக் கணவர் அவர் கண்ணுக்குத் தெரியவில்லை. கொண்டுவந்த சோறு அப்படியே திரும்பிப் போனது. வருடக்கணக்காக வந்தார் பெரியோர்களே. கண்ணுக்குத் தெரியாத கணவருக்காக வெயிலில் காய்ந்த பெண்ணை நாங்கள் பார்த்துக்கொண்டே ஆடினோம், ஆடிவிட்டு ஜெயித்தோம், ஜெயித்துவிட்டுத் தின்றோம்.

தொண்ணூற்றைந்தில் ஆனி மாதம், ஆட்டத்துக்கு முந்தின நாள், கழகத்து அறைக்கு வந்தார். சுவரில் தொங்கிய தொப்பிகளை வெகுநேரம் பார்த்தார். பிறகு சிவனாண்டியைப் பார்த்துக் கேட்டார். அந்தக் கேள்வியை அவர் கேட்டபடியே சொல்கிறேன்.

"ஏட்டையா, அவிய லீவுல வந்து ஆடிட்டு வீட்டுக்கு வந்தா, முதுகு வலிக்குன்னு குப்புறப் படுத்துக்கிடுவாவ. நான்தான் எண்ண தேச்சு நீவிவிடுவேன். ஒரு நா தேய்க்கலேன்னா ஒறங்க மாட்டாவ. இத்தன வருசமா நீங்க கூப்பிடுதிய, அவியளும் வந்து தள்ளுதாவ. பொறவு அந்த முதுக யாரு தேச்சுவிடுதா?"

அந்த அறையில் எங்கள் கழகத்துச் சிங்கங்கள் அத்தனை பேரும் இருந்தோம். ஆளுக்கொரு தொப்பியை எடுத்துத் தூசி தட்டினோம்.

அவரே தொடர்ந்தார். "கூப்பிட்டா வந்துதான ஆகணும், பட்டாளத்து மனுசன்லா. எடத்தக் காலியா வச்சா வந்து நின்னுதான ஆகணும். இங்கன வந்து நிக்கதுனாலதான் வீட்டுக்கு வர ஏலல. அந்த எடத்துல ஒரு ஆள நிறுத்துங்க. அவியள விட்டுருங்க."

சிவனாண்டி தடுமாறினார். "யம்மா, அவிய இருக்கப்போய்த்தான் நாங்க செயிக்கோம்" என்றார்.

"செயிச்சு என்ன செய்யப் போறிய?" என்றார் நாச்சியார் அம்மாள்.

யார் நிற்பது? அந்த இடத்தில் யார் போய் நிற்பது? ஒவ்வொருவனும் சுவரைப் பார்த்தான், கூரையைப் பார்த்தான். மதார் சாகிப்பின் மகன் அய்யூப் எழுந்தான். லாரி ஓட்டுகிறவன், மூன்று பிள்ளைகளுக்குத் தகப்பன், மம்சாபுரத்தார் அளவுக்கே உயரம். "நான் நிக்கேன் அக்கா" என்றான். "வேண்டாம்லே, ஒனக்கு நான் அந்தத் தொப்பியத் தைக்க மாட்டேன்" என்று மதார் சாகிப் கையைப் பிடித்து இழுத்தார். "தைக்காண்டாம் அத்தா" என்றான் அய்யூப்.

மறுநாள் ஸ்காட்லாந்துக் கப்பல்காரர்கள் வந்திருந்தார்கள். மலைப்பக்கமிருந்து சாரல் இறங்கிக்கொண்டிருந்தது. சிவனாண்டி ஆஜர் கூப்பிட்டார். அந்தப் பெயரின் முறை வந்தது. வாய் திறந்தது, பழகிப்போன வாயல்லவா, முதல் எழுத்து உதட்டுக்கே வந்துவிட்டது. அப்போது கோட்டோரத்திலிருந்து ஒரு குரல் "அய்யூப்" என்று கூப்பிட்டது. நாச்சியார் அம்மாளின் குரல். "வந்தாச்சு" என்று சொல்லிவிட்டு அய்யூப் கோட்டைத் தாண்டினான்.

முதல் ஸ்கிரம். குனிந்தேன். அய்யூபின் தோள் வந்து முட்டியது. சூடான, நடுங்குகிற, உயிருள்ள தோள். அப்பாடா என்று மூச்சு விட்டேன். விட்ட மூச்சு பாதியில் நின்றது. அதே இடத்தில், அதே இடுப்பில், இன்னொரு தோளும் வந்து பொருந்தியது. ஜில்லென்ற தோள். ஓர் ஆளுக்கான இடத்தில் இரண்டு ஆள். "மாமா, பின்னால யாரோ நிக்காவ" என்று அய்யூப் முனகினான். "விட்டுறாத, நில்லு" என்றேன். தள்ளவும் இல்லை, விலகவும் இல்லை, அந்தக் குளிர் அப்படியே நின்றது. பிறகு ஒருமுறை லேசாக அசைந்தது.

அய்யூப் பின்னால் சொன்னான், மாற்று ஆட்டக்காரன் உள்ளே வரும்போது வெளியே போகிறவன் தட்டுவானே, அதுபோல அவன் முதுகில் ஒரு கை தட்டியதாம். அவ்வளவுதான். குளிர் போய்விட்டது. கூடவே எங்கள் பலமும் போய்விட்டது. எட்டுப் பேரும் சேற்றில் முகம் குப்புற விழுந்தோம். ஸ்காட்லாந்துக்காரர்கள் எங்கள் மேல் ஏறி ஓடினார்கள்.

சேற்றிலிருந்து தலையைத் தூக்கினேன். நாச்சியார் அம்மாள் மம்சாபுரத்துப் பாதையில் போய்க்கொண்டிருந்தார். ஆட்டம் முடியவில்லை, ஆனால் அவர் கிளம்பிவிட்டார். தனியாகத்தான் போனார். ஒரு கையில் தூக்குவாளி, மறு கையில் குடை. அந்தக் குடை அவர் தலைக்கு மேல் இல்லை. கையை எட்டும் மட்டும் உயர்த்தி, பக்கவாட்டில் தள்ளிப் பிடித்திருந்தார், தன்னைவிட உயரமான ஆளுக்குப் பிடிக்கிற மாதிரி. அவருடைய தோள் சாரலில் நனைந்துகொண்டிருந்தது. குடை கடந்துபோன பாதையில் ஓர் ஆள் அகலத்துக்கு மட்டும் மண் காய்ந்தே கிடந்தது. நான் எழுந்திருக்க மறந்து பார்த்துக்கொண்டே கிடந்தேன்.

அந்த வாரமே அவர் தாலியைக் கழற்றினார், காரியம் நடந்தது. துக்கம் கேட்கப் போன என் மனைவி ஜெய்னப்பிடம் சொன்னாராம்: "அவிய வீட்டுக்கு வந்தாவ அக்கா. எண்ண தேச்சுவிட்டேன். செத்த நேரம் ஒறங்குனாவ. பொறவு போயிட்டாவ." சொல்லும்போது அவர் அழவில்லையாம். ஜெய்னப்தான் அழுதுகொண்டு வந்தாள்.

தோழர்களே, அதற்குப் பிறகு நாங்கள் ஒரு சர்வதேச ஆட்டத்திலும் ஜெயிக்கவில்லை. இங்கிலாந்திடம் தோற்றோம், நியூசிலாந்திடம் தோற்றோம், போன மாதம் ஒரு கப்பலின் சமையல் பிரிவிடம் மட்டும் தனியாகத் தோற்றோம். இந்த ஊர் ஜெயிக்க வேண்டுமென்றால் வழி எனக்குத் தெரியும். சிவனாண்டிக்கும் தெரியும். ஒரே ஒரு பெயரைக் கூப்பிட்டால் போதும். கூப்பிடுவோமா? கூப்பிடலாமா? பனியில் கிடந்து, வெயிலில் நின்று, இப்போதுதான் கண்ணயர்ந்த மனிதரை நம்முடைய கைதட்டலுக்காக எழுப்பலாமா? எழுப்பமாட்டோம். ஆயிரம் ஆட்டம் தோற்றாலும் எழுப்பமாட்டோம். அடித்துச் சொல்கிறேன், அந்த உறக்கத்துக்கு ஊரே காவல்.

ஆனால் தலைவர் அவர்களே, உங்கள் வலப்பக்கம் பாருங்கள். அவருக்கென்று விழாக்குழு ஒரு நாற்காலி போட்டு, மாலையும் சாத்தி, காலியாக வைத்திருக்கிறது. நல்லெண்ணம்தான். ஆனால் காலி இடம் வைத்தால் என்ன ஆகும் என்று இவ்வளவு நேரம் சொல்லிவிட்டேன். நான் பேசத் தொடங்கியதிலிருந்து அந்தப் பக்கம் திரும்பவில்லை, கவனித்தீர்களா? என் வலத்தோளில் அவ்வப்போது ஒரு குளிர் படுகிறது. தைமாதக் காற்றாக இருக்கலாம். தலைவர் ஏன் தன் நாற்காலியை இடப்பக்கம் நகர்த்திக்கொள்கிறார் என்று நான் கேட்கமாட்டேன்.

நாச்சியார் அம்மா, சிரமம் பார்க்காமல் மேலே வாருங்கள். தாய்மார்களே, வழிவிடுங்கள். கைதட்ட வேண்டாம். யாரும் எதுவும் பேச வேண்டாம். மெல்ல வாருங்கள், படி வழுக்கும். அந்த மாலையை எடுத்து மேசைமேல் வையுங்கள் சிவனாண்டி. அந்த நாற்காலியில் நீங்கள் உட்காருங்கள் தாயே. உட்காருங்கள்.

உட்கார்ந்துவிட்டார்.

எப்படி இருக்கிறது தாயே?

என்ன சொல்கிறார் என்று கடைசி வரிசைக்குக் கேட்டிருக்காது, நான் சொல்கிறேன். "ஒண்ணுமில்லண்ணே, வெறும் நாற்காலிதான்" என்கிறார்.

வெறும் நாற்காலி. ஐயா, இதைவிட நல்ல சேதியை இந்த மேடை இனிக் கேட்கப்போவதில்லை. பொறுமையோடு கேட்ட செவிகளுக்கும், தெரிந்த பெயரைச் சொல்லாமல் அடக்கிய நாவுகளுக்கும் இந்த மைதீன் பிச்சையின் நன்றி. அமைதியாக எழுந்து, அமைதியாக வீடு சேருங்கள். வணக்கம்.